நெடுந்தூர ஓட்டமும் சாதாரண மனிதனும்

ஓட்டப் போட்டி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுபவன் வெற்றி நூலை மார்பால் அறுத்துச் செல்லும் வீரனே. அவனுக்குப் பின்னே ஓடி வருபவர்களை வரலாறு பெரும்பாலும் எண்ணுவதில்லை. ஓடுவதற்கென்றே பிறந்தவர்கள் ஒரு சிலர். ஏனையோர் வேலிக்கு வெளியே நின்று கைதட்டப் பிறந்தவர்கள் என்ற எண்ணம் உலகிலே நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. இன்றோ பெருநகரங்களில் மரதன் ஓட்டம் நடைபெறும் நாளிலே எழுதுவினைஞரும் ஆசிரியரும் தாதியரும் பேரப்பிள்ளைகளைக் கண்ட முதியவருமாகப் பல்லாயிரவர் தெருவில் இறங்கி ஓடுகின்றனர். அவர்களுள் எவரும் முதலிடத்தை எதிர்பார்த்து வருவதில்லை. நாற்பத்திரண்டு கிலோமீற்றருக்கு மேற்பட்ட அத்தூரத்தைத் தம் கால்களால் கடந்துவிட வேண்டும் என்பதே அவர்களுடைய விருப்பம். அதற்காக மாதக்கணக்கில் விடியற்காலையிலே எழுந்து பயிற்சி செய்கின்றனர்.

இம்மாற்றம் எவ்வாறு ஏற்பட்டது? ஒரு நாட்டுக்கோ ஒரு மனிதருக்கோ மட்டும் உரிய பெருமையன்று இது. ஆயினும் இப்பெருக்கின் ஊற்றுக்களைத் தேடிச் செல்பவர், தென் பசிபிக் கடலிலே உள்ள நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரத்துக்குச் சென்றே தீர வேண்டும். அங்கே ஒரு சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலைசெய்த ஒருவர், தமக்கு ஏற்பட்ட மூச்சிரைப்பை எண்ணி வெட்கமுற்ற நாளிலிருந்து இக்கதை தொடங்குகிறது.

ஆதர் லிடியார்ட் 1917 ஆம் ஆண்டு ஒக்லாந்திலே பிறந்தார். இளமையில் றக்பி ஆடினார். உடல் வலிமை உள்ளவர் என்றே தம்மை எண்ணியிருந்தார். இரண்டாம் உலகப் போர் முடிவுறும் காலத்தில், அவருடைய கழகத்தின் தலைவராயிருந்த ஜாக் டோலன் என்பவர் தம்முடன் ஐந்து மைல் ஓடிவருமாறு அவரை அழைத்தார். டோலன் வயதில் மூத்தவர். ஆனால் ஓட்டம் நடுவழியை அடையும்போதே இளையவரான லிடியார்டின் நெஞ்சு படபடத்தது, கால்கள் தளர்ந்தன. மூத்தவரோ இயல்பாக ஓடிச் சென்றார். அப்போது லிடியார்டுக்கு இருபத்தேழு வயதளவே இருக்கும். இருபத்தேழில் இந்த நிலையென்றால் நாற்பத்தேழில் எப்படி இருக்கும் என்ற கேள்வி அவர் உள்ளத்திலே தைத்தது. பிற்காலத்தில் ஒலிம்பிக் வீரர்களை உருவாக்கிய பயிற்சி முறை வெற்றி வேட்கையிலே தோன்றியதன்று. நடுவயதிலே தளர்ந்த மனிதனாகிவிடக் கூடாதே என்ற அச்சத்திலே தோன்றியது. இதனை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

அக்காலத்திலே ஓட்டப் பயிற்சி எவ்வாறிருந்தது என்பதையும் இங்கே அறிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பாவிலே இடைவெளிப் பயிற்சி என்ற முறை புகழ்பெற்றிருந்தது. ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில் வொல்டமார் கேர்ஷ்லர் என்ற பயிற்றுநரும், இருதய நோய் மருத்துவரான ரைண்டெலும் இம்முறையை ஆராய்ந்து வகுத்தனர். நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 180 அளவுக்கு உயரும்படி ஒரு குறுகிய தூரத்தை விரைந்து ஓடுதல். அது 120 ஆகத் தணியும்வரை இளைப்பாறுதல். பின்னர் மீண்டும் ஓடுதல் என்பதே அதன் சாரம். கேர்ஷ்லரின் மாணவரான ருடோல்வ் ஹார்பிக் 1939 இல் 800 மீற்றர் தூரத்தை 1 நிமிடம் 46.6 செக்கனில் ஓடி நிலைநாட்டிய உலக சாதனை 1955 வரை முறியடிக்கப்படவில்லை. செக்கோஸ்லவாக்கியாவின் எமில் சட்டோபெக், 400 மீற்றர் தூரத்தைப் பத்துப் பத்தாகத் திரும்பத் திரும்ப ஓடிப் பழகியே 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் என்ற மூன்று ஓட்டங்களிலும் தங்கம் வென்றார். அவரும் ஒருகாலத்திலே சப்பாத்துத் தொழிற்சாலைத் தொழிலாளியாக இருந்தவரே. 1954 மே 6 ஆம் திகதி ஒக்ஸ்போட்டில் ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் முதன்முதலாக ஓடிய ரொஜர் பனிஸ்ரரும், மருத்துவக் கல்விக்கு இடையே கிடைத்த சொற்ப நேரத்தில் இத்தகைய பயிற்சியையே மேற்கொண்டார்.

இம்முறை பயனுடையதே. ஆனால் அளந்த பாதையும் கடிகாரமும் கடுமையைத் தாங்கும் உடலும் அதற்கு வேண்டும். நாள்தோறும் உடலை அதன் எல்லைக்குத் துரத்தும் பயிற்சியிலே மகிழ்ச்சி காண்போர் மிகச் சிலர். பகல் முழுவதும் உழைத்துக் களைத்த சாதாரண மனிதன் அதன் வாயிலிலேயே திரும்பிவிடுவான்.

லிடியார்டுக்கு வழிகாட்டப் பயிற்றுநர் எவரும் இருக்கவில்லை. ஆதலின் அவர் தம் உடலையே ஆய்வுகூடமாக்கினார். ஏறக்குறைய பத்தாண்டுகள் பல்வேறு தூரங்களையும் வேகங்களையும் தம்மீதே சோதித்துப் பார்த்தார். சில வாரங்களில் மிகக் குறைவாக ஓடினார். சில வாரங்களில் இருநூறு மைலுக்கும் மேலாக ஓடிப் பார்த்ததாக அவரே கூறியுள்ளார். மிகையாக ஓடியபோது உடல் மந்தமுற்றது. குறைவாக ஓடியபோது உரம் ஏறவில்லை. ஈற்றிலே, வாரம் ஒன்றுக்கு ஏறக்குறைய 100 மைல், அதாவது 160 கிலோமீற்றர், இடையறாது நிதானமாக ஓடுவதே தமக்குப் பெரும்பயன் தருகின்றது என்று கண்டார். இவ்வளவையும் அவர் செய்தது குடும்பத்தையும் வேலையையும் சுமந்துகொண்டே என்பதை மறத்தலாகாது.

1950 ஆம் ஆண்டு பிரித்தானியப் பேரரசு விளையாட்டு விழா ஒக்லாந்திலேயே நடைபெற்றது. இலங்கையர் அவ்விழாவை மறவார். 440 யார் தடைதாண்டல் ஓட்டத்திலே நம் நாட்டு டங்கன் வைற் தங்கப் பதக்கம் பெற்றது அங்கேதான். அதே விழாவின் மரதன் ஓட்டத்தில் நியூசிலாந்தின் சார்பாக ஓடியவருள் ஒருவர் லிடியார்ட். அன்று பதக்கம் எதுவும் அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் சோதனையை அவர் கைவிடவில்லை. 1953 இலும் 1955 இலும் தம் நாட்டின் மரதன் வாகையர் ஆனார். ஐந்து மைலிலே மூச்சு வாங்கியவர், முப்பது வயதைக் கடந்த பின்னர் இருமுறை நாட்டிலே முதல்வரானார் என்பது, அவருடைய முறைக்கு அவரே தந்த சான்று.

அவர் கண்ட உண்மைதான் யாது? நெடுந்தூர ஓட்டக்காரனைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் வேகக் குறைவன்று, உரக் குறைவே. ஒரு சுற்றை விரைவாக ஓடக்கூடிய இளைஞர் எந்த ஊரிலும் உளர். அந்த வேகத்தைப் பல சுற்றுகள் தாங்க முடியாமையே அவர்களுடைய குறை. ஆகவே முதலில் உரத்தை ஊட்டு. வேகத்தை இறுதியிலே தீட்டு என்றார் அவர். நிதானமாக நெடுநேரம் ஓடும்போது உள்ளிழுக்கும் காற்று உடலின் தேவைக்குப் போதுமானதாக இருக்கின்றது; ஒட்சிசன் கடன் பெரிதாக ஏறுவதில்லை. இத்தகைய ஓட்டம் மாதக்கணக்கில் தொடருமாயின் இருதயம் ஒரு துடிப்பில் முன்னிலும் மிகுதியான குருதியை வெளியேற்றப் பழகுகின்றது. தசைகளுக்குள்ளே நுண்ணிய மயிர்த்துளைக்குழாய்கள் பெருகுகின்றன. ஒட்சிசனைக் கொண்டு சத்தியைப் பிறப்பிக்கும் இழைமணிகளும் தசைகளிலே பெருகுகின்றன. அத்திவாரம் அகன்றால் அதன்மேல் எழும் கட்டடமும் உயரும்.

லிடியார்டின் வீட்டை அண்டிய தெருக்களிலே வாழ்ந்த இளைஞர் சிலர் அவருடன் ஓடத் தொடங்கினர். உலகம் முழுவதும் தேடித் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர் அவர்கள். ஒவைராக்கா என்ற புறநகர்ப் பகுதியின் கழகத்தைச் சூழ்ந்த சாதாரண இளைஞரே. அவர்களுள் மரி ஹால்பேர்க் என்பவர் 1950 இல் றக்பி ஆட்டத்திலே ஏற்பட்ட விபத்தினால் இடக்கை வலுவிழந்து சூம்பிப்போனவர். பரி மகீ என்பவர் அமைதியான இயல்புடைய மரதன் ஓட்டக்காரர். பின்னாளில் வந்து சேர்ந்த பீற்றர் ஸ்நெல் என்பவரோ ரென்னிஸ் முதலிய பல ஆட்டங்களில் நாட்டமுடைய, கட்டுடல் வாய்ந்த இளைஞர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்கள் ஓடிய பாதை ஓட்ட உலகிலே புகழ்பெற்றது. நகரின் மேற்கே வைட்டாக்கரே மலைப்பகுதியிலே ஏறி இறங்கி, வையாட்டாருவா என்ற இடத்தின் வழியாகத் திரும்பும் 22 மைல் சுற்று அது. அரைமைல் ஓட்டக்காரனும் அதை ஓட வேண்டும். மரதன் ஓட்டக்காரனும் அதை ஓட வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் 800 மீற்றர் ஓட்டத்துக்கு இருபத்திரண்டு மைல் பயிற்சி எதற்கு என்று கற்றோர் பலர் நகைத்தனர். முதன்முறை அச்சுற்றை ஓடிய ஸ்நெல்லும் முற்றாகக் களைத்தே வீடு திரும்பினார். ஆனால் மறுவாரமும் வந்தார். அதற்கு அடுத்த வாரமும் வந்தார்.

அவர்களுடைய ஆண்டுத் திட்டம் உழவனின் ஆண்டைப் போன்றது. முதலில் பல வாரங்கள் நெடுந்தூர ஓட்டம். அது நிலத்தைப் பண்படுத்துதல் போன்றது. அடுத்துச் சில வாரங்கள் மேடுகளிலே துள்ளி ஏறும் பயிற்சி. அது கால்களுக்கு வலுவூட்டும். அதன்பின் பாதையிலே வேக ஓட்டங்கள். இடைவெளிப் பயிற்சியை லிடியார்ட் முற்றாக ஒதுக்கினார் என்று சிலர் கூறுவது தவறு. அதற்குரிய காலத்தில், அளவோடு அதனைச் சேர்த்துக்கொண்டார். ஈற்றிலே போட்டி நாளுக்கு முன் பயிற்சியைக் குறைத்து உடலை இளைப்பாறவிட்டார். காலமல்லாக் காலத்திலே அறுவடை செய்ய முயல்பவன் விதைநெல்லையும் இழப்பான் என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

1960 செப்ரெம்பர் 2 ஆம் திகதி றோம் நகரிலே அறுவடை வந்தது. 800 மீற்றர் இறுதி ஓட்டத்தில், அதுவரை உலகம் பெரிதும் அறியாத ஸ்நெல், கடைசி அடிகளிலே முன்னேறி வென்றார். அவரிடம் தோற்று இரண்டாமிடம் பெற்றவர், ஹார்பிக்கின் பழைய சாதனையை 1955 இல் முறியடித்த பெல்ஜிய வீரர் ரொஜர் மோன்ஸ். ஏறக்குறைய ஒரு மணி நேரத்துள் அதே அரங்கிலே 5,000 மீற்றர் ஓட்டம் தொடங்கிற்று. இறுதிக்கு மூன்று சுற்றுகள் இருக்கும்போதே ஹால்பேர்க் திடீரெனப் பிரிந்து முன்னே பாய்ந்தார். கடைசிச் சுற்றிலே உடல் கெஞ்சியது. பின்னே வருபவர் நெருங்கினர். ஆயினும் முன்னிலையை இழக்காமல் வெற்றி நூலைத் தொட்டுப் புற்றரையிலே சாய்ந்தார். சில நாட்களின் பின் நடந்த மரதன் ஓட்டத்தில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலுடன் ஓடி முதலிடம் பெற, பரி மகீ மூன்றாமவராக வந்து வெண்கலம் பெற்றார். இருபத்துநான்கு இலட்சம் அளவு மக்களே வாழ்ந்த ஒரு சிறு நாட்டில், ஒரு நகரின் ஒரு பகுதியைச் சூழ்ந்த இளைஞர் மூவர் பெற்ற வெற்றி இது. 1964 இல் தோக்கியோவிலே ஸ்நெல் 800 மீற்றர், 1,500 மீற்றர் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றார்.

வரலாறு இத்துடன் நின்றிருந்தால் இது வீரர்களின் கதையாக மட்டுமே எஞ்சியிருக்கும். லிடியார்டின் பெரும்பணியோ பதக்கங்களுக்கு அப்பாலே கிடக்கின்றது.

நடுவயதைக் கடந்தவர் ஓடலாகாது என்பதே அக்காலத்துப் பொதுக்கருத்து. இருதயம் தேய்ந்துபோகும் பொறியைப் போன்றது. அதனை மிகையாக இயக்கினால் விரைவிலே பழுதடையும் என்று பலர் நம்பினர். மாரடைப்புக் கண்டவரை வாரக்கணக்கிலே படுக்கையில் அசையாது கிடத்துவது மருத்துவ மரபாக இருந்தது. உயிர் தப்பியவர்கூட, மாடிப்படி ஏறவும் அஞ்சி, கண்ணாடிக் குடுவையைச் சுமப்பவர்போல் தம் நெஞ்சைச் சுமந்து வாழ்ந்தனர்.

இக்கருத்தை அசைத்த ஆராய்ச்சிகளுள் ஒன்று 1953 இல் இலண்டனில் வெளியாயிற்று. ஜெரி மொறிஸ் என்ற மருத்துவ அறிஞரும் அவருடைய துணைவரும் இலண்டன் நகரத்து இரட்டைத்தட்டு பஸ்களின் ஊழியரை ஆராய்ந்தனர். சாரதி நாள் முழுவதும் அமர்ந்திருப்பவர். நடத்துநரோ மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்குமாக நாளொன்றுக்குப் பல நூறு படிகள் ஏறி இறங்குபவர். இருவரும் ஒரே வண்டியிலே செல்பவர். ஆயினும் இருதய நாடி நோய் நடத்துநரைவிடச் சாரதிகளையே மிகுதியாகப் பற்றியது. உடலுழைப்பு இருதயத்தைத் தேய்ப்பதன்று, காப்பது என்ற எண்ணத்துக்கு இது வலுவூட்டியது.

1960 களின் தொடக்கத்திலே ஒக்லாந்தின் வணிகர் சிலர் லிடியார்டை நாடினர். அவர்களுட் பலர் வயிறு பருத்தவர்; சிலர் மாரடைப்பைக் கண்டு மீண்டவர். இவர்களைக் கொண்டு ஒக்லாந்திலே மெல்லோட்டக் கழகம் ஒன்று தோன்றிற்று. பின்னாளில் அந்நகரின் மேயராக விளங்கிய கொலின் கே அதனை அமைப்பதில் முன்னின்றவர். ஜொகிங் என்று இன்று உலகம் வழங்கும் மெல்லோட்டத்துக்கென அமைந்த முதற் கழகமாக அதனைக் கூறுவர்.

இம்மனிதர்களுக்கு லிடியார்ட் இட்ட விதி மிக எளியது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் ஓடிச் செல்லுங்கள். பின்னர் திரும்பி வாருங்கள். திரும்பி வருவதற்கும் ஐந்து நிமிடமே எடுத்ததாயின் உங்கள் வேகம் சரியானது. அதற்கு மேல் எடுத்ததாயின் செல்லும்போது மிகையாக விரைந்துவிட்டீர்கள், நாளை குறைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவே. அருகில் ஓடுபவருடன் உரையாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்குமாயின், அதுவும் மிகை வேகத்தின் அறிகுறி என்று கொள்ளப்பட்டது. உடலைப் பழக்க வேண்டும். வதைக்கலாகாது என்பதே அவர் ஓயாது வற்புறுத்தியது. ஐந்து நிமிடம் பத்தாயிற்று. பத்து நிமிடம் அரைமணியாயிற்று. மருத்துவமனைப் படுக்கையை அறிந்தவர் பூங்காவின் மேட்டை அறிந்தனர். அவர்களிற் சிலர் காலப்போக்கில் முழு மரதன் தூரத்தையும் ஓடி முடித்தனர்.

இந்த விதியின் நுட்பத்தைச் சற்று நோக்குக. மற்றொருவனுடன் ஒப்பிட்டு ஒருவனை அளக்கும் பழக்கம் இங்கே இல்லை. அவனுடைய போன பயணமே வந்த பயணத்துக்கு அளவுகோல். வாகையருக்கும் நோயுற்று எழுந்தவருக்கும் இவ்விதி ஒன்றே. தூரமும் வேகமுமே வேறு. நூறு மைல் ஓடும் ஸ்நெல்லையும், ஒரு மைலை நடந்தும் ஓடியும் கடக்கும் வணிகரையும் ஒரே பள்ளியின் மாணவராக்கியது இதுவே.

1962 ஆம் ஆண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்றுநர் பில் போவர்மன் நியூசிலாந்துக்கு வந்து லிடியார்டின் விருந்தினராகத் தங்கினார். உலகறிந்த ஓட்டக்காரர்களைப் பயிற்றுவித்தவர் அவர். அப்போது அவருக்கு ஐம்பத்தொரு வயது. ஒரு நாள் காலை மெல்லோட்டக் கழகத்தாருடன் ஓடிவருமாறு லிடியார்ட் அழைத்தார். நாள்தோறும் வீரர்களை ஓடவைக்கும் தமக்கு இது ஒரு பொருட்டா என்று எண்ணிப் போவர்மன் புறப்பட்டார். சிறிது தூரத்திலே மேடு தொடங்கியதும் அவருடைய மூச்சு முட்டியது; கூட்டத்தின் கடைசிக்கும் கடைசியானார். எழுபது வயதைக் கடந்த முதியவர் ஒருவர், மும்முறை மாரடைப்புக் கண்டவர், அவர்மீது இரக்கங்கொண்டு பின்தங்கி வந்து, பேச்சுக் கொடுத்தபடியே அவரை வழிநடத்திச் சென்றார். போவர்மனாலோ மறுமொழி கூறவும் மூச்சில்லை. ஜாக் டோலனுக்குப் பின்னாலே லிடியார்ட் தளர்ந்து நின்ற அந்த நாள் மீண்டும் ஒருமுறை நிகழ்ந்தது போலும்! லிடியார்டைப் போலவே போவர்மனும் அந்த வெட்கத்தை வீணாக்கவில்லை. அங்கே தங்கியிருந்த வாரங்களில் நாள்தோறும் ஓடினார்.

1963 இன் தொடக்கத்தில் தம் ஊராகிய யூஜீனுக்குத் திரும்பிய போவர்மன், பல்கலைக்கழக ஓட்டப் பாதையிலே ஊர்மக்களுக்கு மெல்லோட்டம் பழக்கத் தொடங்கினார். முதலிலே வந்தவர் சிலர். சில வாரங்களிலே மைதானம் கொள்ளாத கூட்டம் திரண்டது. அக்கூட்டத்தைக் கண்டு மகிழ்வதற்குப் பதிலாகப் போவர்மன் அஞ்சினார். ஆயத்தமற்ற உடலுடன் ஓடி எவராவது உயிர்விட்டால் என் செய்வது என்பதே அவருடைய கவலை. ஆகவே மக்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, வோல்டோ ஹாரிஸ் என்ற இருதய நோய் மருத்துவரின் துணையுடன் படிப்படியான பயிற்சித் திட்டமொன்றை வகுத்தார். இருவரும் எழுதிய மெல்லோட்ட நூல் 1967 இல் வெளியாகிப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயிற்று. ஒக்லாந்தின் பூங்காவிலே முதியவர் ஒருவர் காட்டிய இரக்கம் இவ்வாறு ஒரு பெருங்கண்டத்தின் பழக்கமாக மாறிற்று.

பெண்களின் நிலை இன்னும் கடினமாக இருந்தது. 1928 ஒலிம்பிக்கில் 800 மீற்றர் ஓட்டத்தில் கலந்துகொண்ட பெண்கள் களைப்புற்றனர் என்பதைக் காரணங்காட்டி, அத்தூரம் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. 1960 இலேதான் மீண்டும் அது அனுமதிக்கப்பட்டது. மரதனைப் பற்றிய பேச்சுக்கே அங்கு இடமிருக்கவில்லை. இந்நிலையில் 1964 ஓகஸ்ற் 16 ஆம் திகதி ஒக்லாந்திலே மில்லி சம்ப்சன் என்ற பெண் மரதன் தூரத்தை 3 மணி 19 நிமிடம் 33 செக்கனில் ஓடி முடித்தார். அந்நாள்வரை உலகிலே ஒரு பெண் ஓடியதாகப் பதிவான மிகச் சிறந்த நேரம் அதுவே. அவரும் ஒவைராக்காக் கழகத்தைச் சேர்ந்தவர். பெண்களுக்கான மரதன் ஒலிம்பிக்கிலே இடம்பெற மேலும் இருபது ஆண்டுகள் சென்றன. 1984 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலேதான் அது நிகழ்ந்தது. விதியெழுதுவோர் தயங்கி நின்ற காலத்தில் சாதாரண கழகமொன்றின் பெண் அத்தூரத்தைக் கடந்துவிட்டார்.

பின்னர் வெள்ளம் பெருகிற்று. 1967 இல் லிடியார்ட் பின்லாந்து சென்று அந்நாட்டுப் பயிற்றுநர்க்குத் தம் முறையைக் கற்பித்தார். 1972 இல் அந்நாட்டு லசே விரென் 5,000 மீற்றர், 10,000 மீற்றர் இரண்டிலும் தங்கம் வென்றார். அதே 1972 இல் ஒக்லாந்திலே கடற்கரை வீதி வழியாக ஊர்மக்கள் ஓடும் விழா ஒன்று தொடங்கிப் பின்னர் பல்லாயிரவரை ஈர்த்தது. 1970 இல் நியூயோர்க் நகரின் முதலாவது மரதனில் புறப்பட்டவர் 127 பேர். முடித்தவர் 55 பேர். 2024 இலே அந்நகரின் மரதனை முடித்தவர் தொகை 55,000 ஐயும் தாண்டிற்று.

வெள்ளம் பெருகும்போது கரையையும் மறத்தலாகாது. அமெரிக்க எழுத்தாளர் ஜிம் பிக்ஸ் புகைப்பழக்கத்தையும் மிகை உடலையும் விட்டொழித்து, முப்பத்தைந்து வயதளவிலே ஓடத் தொடங்கியவர். 1977 இல் அவர் எழுதிய நூல் பெரும் எண்ணிக்கையான மக்களைத் தெருவுக்கு அழைத்து வந்தது. அவரே 1984 இல், ஐம்பத்திரண்டாம் வயதில், ஓடச் சென்ற வேளையில் மாரடைப்பால் இறந்தார். அவருடைய தந்தையார் நாற்பத்துமூன்று வயதிலேயே இருதய நோயால் மறைந்தவர். ஓட்டம் நோயைத் தடுக்க உதவும். நோயே அணுகாத வரத்தைத் தராது. மருத்துவரின் சோதனையும், உடல் தரும் எச்சரிக்கைக்குச் செவிசாய்த்தலும் ஓட்டக்காரனுக்கும் வேண்டும் என்பதை அம்மரணம் உணர்த்தியது. லிடியார்டின் நூறு மைலைப் பார்த்து அவருடைய ஐந்து நிமிடத்தை மறந்தவர்களும் இருந்தனர். முதல் மாதத்திலேயே வாகையரின் அளவைப் பின்பற்றி, மூட்டும் தசையும் நொந்து, ஓட்டத்தையே கைவிட்டோர் பலர். குறை முறையிலே இல்லை, அவசரத்திலே உள்ளது.

இறுதியாக ஒன்று. ஓட்டக் களத்திலிருந்து ஓய்வு பெற்ற பீற்றர் ஸ்நெல் அமெரிக்கா சென்று உடற்றொழிலியல் கற்று, கலாநிதிப் பட்டம் பெற்று, ஆராய்ச்சியாளரானார். இளமையிலே தம்மைக் களைப்படையச் செய்த அந்த இருபத்திரண்டு மைல் எவ்வாறு தமக்குப் பயன்தந்தது என்ற கேள்வி அவரை விடவில்லை. நெடுநேரம் ஓடும்போது, முதலில் உழைக்கும் தசைநார்களில் உள்ள கிளைக்கோசன் தீர்ந்துபோக, வேகத்துக்கென ஒதுங்கியிருக்கும் தசைநார்களும் வேலைக்கு அழைக்கப்பட்டு உரம் பெறுகின்றன என்பது அவர் தந்த விளக்கம். பள்ளிப்படிப்பு மிகுதியாக இல்லாத ஆசான் காலாலே கண்டதற்கு, மாணவன் நூலறிவாலே காரணம் கூறினான். ஆசானுக்கு மாணவன் செலுத்தக்கூடிய காணிக்கை இதனினும் சிறந்தது வேறில்லை.

லிடியார்ட் 2004 டிசெம்பரில், எண்பத்தேழாவது வயதில், ரெக்சாஸ் மாநிலத்திலே விரிவுரைப் பயணம் செய்துகொண்டிருந்தபோது காலமானார். ஸ்நெல் 2019 இலும், ஊனமுற்ற சிறுவர்க்கென 1963 இல் அறநிலையம் நிறுவிய ஹால்பேர்க் 2022 இலும் மறைந்தனர். அவர்கள் வென்ற பதக்கங்கள் பேழைகளிலே இருக்கின்றன. ஆனால் ஏதோ ஓர் ஊரில், விடியற்காலையிலே, வாழ்க்கையில் ஒருபோதும் ஓடாத ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் மெல்ல ஓடிச் சென்று, அதே ஐந்து நிமிடத்தில் வீட்டு வாயிலுக்குத் திரும்பி வருகின்றார். அவருக்குக் கைதட்ட எவருமில்லை. ஆயினும் ஒக்லாந்தில் தொடங்கிய அந்த ஓட்டம் அவருடைய கால்களில் தொடர்ந்துகொண்டே இருக்கின்றது.